மலைப்பாதையில் மறித்து ஊதச் சொன்னால்: ஓட்டுநருக்கான முழு வழிகாட்டி

நீலகிரியில் குடிபோதை வழக்கில் மாட்டி நீதிமன்றத்துக்கு வருகிறவர்களின் தாள்களைப் புரட்டுவது வக்கீல் குமாஸ்தாவான என் அன்றாட வேலை. டாக்ஸிக்காரர், காய்கறி லோடு ஏற்றும் பிக்அப் டிரைவர், எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர், சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர் என்று எல்லாரும் வருகிறார்கள். தவறு மட்டும் ஒரே மாதிரிதான். வாதாடி ஒன்றும் ஆகாத இடத்தில் வாதாடியிருப்பார்கள். கேட்டு வாங்க வேண்டிய தாளைக் கேட்காமல் வந்திருப்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறைப்படி ஊதச் சொல்லும்போது மாட்டேன் என்று நின்றுவிடும் வசதியை நம் சட்டம் தரவில்லை. ஆனால் ஊதச் சொல்பவர் யாராக இருக்க வேண்டும், எந்தக் கருவி, எத்தனை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்ட சட்டம். அந்த வரிசைப்படி நடத்தச் சொல்லிக் கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவும், 202 முதல் 206 வரையிலான பிரிவுகளும்தான் இங்கே முக்கியம். 2019 திருத்தம் அபராதத்தை ஏற்றியது, லைசென்ஸ் விஷயத்தையும் இறுக்கியது.

குடித்துவிட்டு ஓட்டியவர் நழுவ இதில் வழி தேட வேண்டாம். குடிக்காதவர் வீணாக மாட்டாமல் இருக்கவும், மாட்டியவர் சட்டம் எடுப்பதைவிடக் கூடுதலாக இழக்காமல் இருக்கவும் இது உதவும்.

1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினாலும் செல்லும். 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

சிக்கல் வேறு. பர்லியாறு, கல்லட்டி, முதுமலைப் பக்கமெல்லாம் பல வளைவுகளில் சிக்னல் வராது. செயலி சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வண்டிகள் வரிசை கட்டும், பேச்சு சூடாகும். மேட்டுப்பாளையத்திலோ கூடலூரிலோ இருக்கும்போதே திறந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், அதை ஏற்க வேண்டிய கட்டாயம் போலீசுக்கு இல்லை.

ஒரு பேனா, ஒரு துண்டுத் தாள். அந்தத் தாளில் இரண்டு எண்கள்: மலையிலேயே இருக்கும், லைசென்ஸ் உள்ள ஒருவருடைய எண், இலவசச் சட்ட உதவிக்கான 15100. போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போகும் இரவில்தான் இதெல்லாம் தேவைப்படும்.

ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரும் மருந்துச் சீட்டும் வண்டியிலேயே இருக்கட்டும். ஏன் என்பதை 4-ஆம் படியில் சொல்கிறேன்.

2. 30 என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால்தான் 185-ஆம் பிரிவுப்படி குற்றம். சரியாக 30 என்றால் தாண்டவில்லை. ‘கொஞ்சம் வாசனை வருது’ என்பது குற்றமல்ல, எண் வேண்டும்.

கருவிக்குக் கருவி எண் வேறு மாதிரி தெரியும். சிலவற்றில் 30 என்று வரும், சிலவற்றில் 0.030 என்று சதவீதமாக வரும். இரண்டும் ஒன்றுதான். மூச்சிலுள்ள அளவை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் கருவியில் ஏறத்தாழ 0.14 வந்தாலே அந்த எல்லைதான். அதனால் எண்ணோடு அலகையும் சேர்த்துப் பாருங்கள். ‘0.05தானே சார், ஒண்ணுமே இல்லையே’ என்று சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சதவீதக் கணக்கில் அது 50.

மலையில் அதிகம் பேர் விழுவது மறுநாள் காலையில்தான். உடல் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் ஆல்கஹாலைக் கழிக்கிறது. இரவு 11 மணிக்கு 120 இருந்தவருக்குக் காலை 5 மணிக்கு இன்னும் 30 இருக்கும். கோவை விமானத்தைப் பிடிக்க இருட்டிலேயே இறங்குகிறவர் ‘நைட்டு குடிச்சதுதானே, தூங்கி எழுந்துட்டேன்’ என்பார். கடுங்காப்பி, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, ஊட்டிக் குளிரில் ஜன்னலைத் திறந்து ஓட்டுவது எதுவும் அந்த எண்ணைக் குறைக்காது. தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான்.

3. கை காட்டினால் நிறுத்தும் விதம்

கொண்டை ஊசி வளைவில் திடீர் பிரேக் போடாதீர்கள். இண்டிகேட்டர் போட்டு, அவர் காட்டும் இடத்தில் மலைச்சுவர் ஓரமாக நிறுத்துங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், கூடவே ஹேண்ட் பிரேக். சோதனை நீளும் என்று தெரிந்தால் டயருக்கு ஒரு கல்லும் வையுங்கள். பதற்றத்தில் நியூட்ரலில் விட்டு இறங்கிப் போய், வண்டி நகர்ந்து முன்னால் நிற்பதில் மோதினால் அது தனி வழக்கு.

இறங்கி ஓடாதீர்கள், சீட் மாறி உட்காராதீர்கள். டிரைவர் சீட்டுக்கு நண்பரை மாற்றுவதைப் பார்த்த போலீஸ் இருவரையும் எழுதிக்கொள்வார்.

ஊதச் சொல்பவர் சீருடையில் உள்ள காவலராகவோ, அந்தத் துறை அதிகாரம் கொடுத்த மோட்டார் வாகனத் துறை அலுவலராகவோ இருக்க வேண்டும். இது 203(1). ஊர்க்காவல் படையினர் கை காட்டி நிறுத்த உதவலாம். சோதனையைக் கோருபவர் அவராக இருக்க முடியாது. குளிர் இரவில் எல்லாரும் மேலே ஜெர்கின் மாட்டியிருப்பார்கள், பெயர்ப் பட்டை உள்ளே போயிருக்கும். ‘சார், உங்க பேரும் ஸ்டேஷனும் தெரிஞ்சுக்கலாமா?’ என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இன்னொரு வரி உண்டு: குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்லலாம். வரிசையில் வரும் எல்லா வண்டியையும் நிறுத்தி ஊதவைப்பது இந்த வரிக்குப் பொருந்துமா என்பது நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்கும் இடம் நீதிமன்றம். இரவு பத்தரைக்கு லவ்டேல் சந்திப்பில் நின்று 203-ஐ விளக்கியவர் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை. குடிக்கவில்லை என்றால் ஊதிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

பொது இடத்தில் போனில் படம் எடுப்பது மட்டுமே குற்றமாகாது. போனை முகத்துக்கு நேராக நீட்டி வேலையைத் தடுத்தால் கதை வேறு: அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய தண்டனைச் சட்டம்) 221-ஆம் பிரிவு வரும், கை பட்டால் 132. கூட வந்தவர் இரண்டடி தள்ளி நின்று அமைதியாக எடுக்கட்டும்.

4. ஊதும் முன் வாய் திறந்து சொல்ல வேண்டியவை

கருவி அளக்க வேண்டியது நுரையீரலிலிருந்து வரும் மூச்சை. வாய்க்குள் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலையும் சேர்த்து அளந்தால் எண் தாறுமாறாக ஏறும். வாய்க் கொப்பளிப்பான், இருமல் டானிக், ஹோமியோபதித் துளிகள், தசமூலாரிஷ்டம், ஏன், ரம் சேர்த்த சாக்லேட்கூட இதைச் செய்யும். வாயிலுள்ளது பொதுவாக 15 நிமிடத்தில் போய்விடும்.

அதனால் அப்படி எதையாவது சற்று முன் எடுத்திருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லுங்கள்: ‘சார், இப்பதான் அரிஷ்டம் குடிச்சேன். வாய் கொப்பளிச்சுட்டு கால் மணி நேரம் கழிச்சு ஊதுறேன்.’ எண் வந்த பிறகு சொன்னால் அது சாக்கு. முன்பே சொன்னால் அது தகவல். அரிஷ்டத்தை நிறையக் குடித்திருந்தால் அது ரத்தத்திலும் ஏறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆஸ்துமா, நெஞ்சுச் சளி, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை இவையும் அப்படித்தான். மூச்சு போதாமல் கருவி திரும்பத் திரும்பப் பிழை காட்டினால், ‘வேணும்னே சரியா ஊதலை’ என்று எழுதப்படும். சட்டம் மறுப்பையும் ஊதத் தவறுவதையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் மட்டுமே விதிவிலக்கு. இன்ஹேலரையும் சீட்டையும் அந்த இடத்திலேயே காட்டியிருப்பதுதான் பின்னால் அந்தக் காரணத்துக்குச் சாட்சி.

5. கருவியைப் பாருங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அரை நிமிட வேலைதான்.

முதலாவது, ஊதுகுழல் புதிதா? உறை பிரிக்காத புதுக் குழலைக் கேளுங்கள். சுகாதாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், முன்னால் ஊதியவரின் எச்சில் ஈரம் உங்கள் கணக்கில் சேர வேண்டியதில்லை. சில இடங்களில் குழலே இல்லாமல் முகத்தருகே கருவியை நீட்டி ஊதச் சொல்வார்கள். அது வாடை இருக்கிறதா என்று பார்க்கும் முதல் வடிகட்டல் மட்டுமே. வழக்குக்கு எண் வேண்டுமென்றால் குழல் மாட்டி ஊத வேண்டும்.

இரண்டாவது, ஊதும் முன் திரையில் பூஜ்யம் வருகிறதா? நல்ல கருவி ஒவ்வொரு சோதனைக்கும் முன் வெறும் காற்றை இழுத்துப் பார்த்து, உள்ளே பழைய மிச்சம் இல்லை என்று காட்டும். கருவி அச்சிட்டுத் தரும் துண்டுச் சீட்டிலும் அந்த வரி இருக்கும். 2025-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில், இந்த வெறும் காற்றுச் சோதனையிலேயே பூஜ்யம் வரவில்லை என்பதால் 185-ஆம் பிரிவுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் வக்கீல் எடுத்துக்காட்டலாம்.

மூன்றாவது, கருவியின் வரிசை எண், கடைசியாக அளவு சரிபார்த்த தேதி, கருவி காட்டும் மணி. கருவியின் கடிகாரம் தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். 9-ஆம் படியில் வரும் இரண்டு மணி நேரக் கணக்கு கைதான நேரத்திலிருந்துதான், ஆனால் அதை ஒப்பிட்டுப் பார்க்க இந்த மணியும் வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஜீப்பின் முன்சீட்டில் குளிர்ந்து கிடந்த கருவி தயாராக நேரம் எடுக்கும். அவசரப்படுத்தாதீர்கள். அது தயார் என்று காட்டிய பிறகே ஊதுவது உங்களுக்குத்தான் நல்லது.

6. ஊதும் விதம்

மூச்சை நிறைய இழுத்து, உதட்டைக் குழலைச் சுற்றி இறுக்கி, கருவி ‘பீப்’ அடித்து நிறுத்தும் வரை ஒரே சீராக ஊதுங்கள். சில நொடிகள் ஆகும். விட்டு விட்டு ஊதினாலோ கன்னத்தை உப்பி ஊதுவதுபோல் நடித்தாலோ கருவி ஏற்காது, பக்கத்தில் நிற்கும் ஏட்டய்யாவும் ஏற்க மாட்டார்.

ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஊதச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. இரண்டாவது முறை கேட்டால் சண்டை போடாதீர்கள். இரண்டு எண்ணையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் வெகுவாக மாறியிருந்தால் அதுவே உங்கள் பக்கத்துக்கு ஒரு புள்ளி.

7. எண் தாண்டினால்: துண்டுச் சீட்டும் கையெழுத்தும்

துண்டுச் சீட்டைக் கேளுங்கள். நகல் கொடுக்கவில்லை என்றால் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெயர், வண்டி எண், நேரம், பூஜ்யச் சோதனை, அளவு ஐந்தையும் சரிபாருங்கள். கோர்ட்டில் உங்களுக்கு எதிரான முதல் சாட்சியமே அந்த விரல் நீளத் தாள்தான். அந்த மை சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே படம் எடுத்தால் நல்லது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பிய தாளென்றால் படித்துவிட்டுப் போடுங்கள். ஒப்புதல் இல்லாத வரி இருந்தால், கையெழுத்தின் கீழே ‘அளவை ஏற்கவில்லை, மறுசோதனை கேட்டேன்’ என்று உங்கள் கையால் எழுதி நேரம் போடுங்கள். கையெழுத்தே போட மாட்டேன் என்று முறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

8. மறுத்தால் என்ன ஆகும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சாதகம் எதுவும் இல்லை. ஊத மறுத்து, குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கக் காரணமும் இருந்தால், பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்: 203(4). ஸ்டேஷனில் ரத்தம் எடுக்கச் சொல்லலாம்: 204. அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்: 205. ‘ஊதாவிட்டால் ஆதாரமே இருக்காது’ என்று டீக்கடையில் சொல்லிக்கொடுக்கிறவர் இந்த மூன்றையும் படித்தவரில்லை.

9. கைது செய்தால்: இரண்டு மணி நேரக் கணக்கு

என்னைக் கேட்டால் இந்தக் கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இங்கே வாய் மூடி உட்கார்ந்தால் பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாது.

கைதானதும் மணி பாருங்கள், எழுதுங்கள். 185-ஆம் பிரிவுக்காக 202-இன் கீழ் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். விடுவதென்றால் வழக்கே போயிற்று என்று அர்த்தமில்லை. காவல் மட்டும்தான் முடிகிறது.

சமவெளியில் இரண்டு மணி நேரம் தாராளம். மலையில் அப்படியில்லை. இரவு மூடுபனியில் கீழ்ப்பாதையில் பிடித்து, ஜீப் வேறு வேலைக்குப் போயிருந்து, குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்கோ ஊட்டி ஜி.எச்.சுக்கோ கொண்டுவருவதற்குள் மணி ஓடிவிடும். அதனால்தான் மூன்று நேரங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்: ஊதிய நேரம், கைதான நேரம், டாக்டர் முன் நின்ற நேரம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மூன்றாவது தானாகவே பதிவாகும். முதல் இரண்டும் உங்கள் தாளில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203(5) சொல்கிறது. அதைக் கேளுங்கள். சாலையில் வாயிலிருந்த ஆல்கஹாலால் எண் ஏறியிருந்தால், இதற்குள் அது இறங்கியிருக்கும். உண்மையிலேயே குடித்திருந்து, உள்ளே போனது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தால் எண் கூடவும் செய்யும். தெரிந்தே கேளுங்கள்.

இந்த வழக்கு ஜாமீனில் விடக்கூடியது. கைதுக்கான காரணத்தையும் ஜாமீன் கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 47). நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும் (48). 24 மணி நேரத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் வைத்திருக்கக் கூடாது. ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். வெளியூர்ப் பயணி தங்கியிருக்கும் லாட்ஜ்காரரையாவது கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம்.

பெண் ஓட்டுநரென்றால், சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், பெண் காவலர் எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம்.

10. டாக்டர் முன்னால்

டாக்டர் நாக்கு, கண், நடை, பேச்சு எல்லாம் பார்ப்பார். பல சான்றுகளில் ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் போதையில் இல்லை’ என்றுதான் இருக்கும். இந்த வரியைப் பார்த்து இடிந்துபோகிறவரும் உண்டு, கொண்டாடுகிறவரும் உண்டு. இரண்டுமே அவசரம். 185-க்கு வேண்டியது 30-ஐத் தாண்டிய எண். எண் தரும் கருவிச் சீட்டோ ரத்த அறிக்கையோ இல்லாமல், வாடையும் தள்ளாட்டமும் மட்டும் எழுதிய சான்று அந்த வேலையைச் செய்யாது. அதேபோல், ‘போதையில் இல்லை’ என்ற வரி 80 காட்டும் துண்டுச் சீட்டை அழித்துவிடவும் செய்யாது.

ரத்தம் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். குடிக்காதவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குடிக்கவில்லை என்பதில் உறுதியாக இருந்தால் நீங்களே டாக்டரிடம் கேளுங்கள், கேட்டதை அவருடைய குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லைதான். கேட்டும் எடுக்கவில்லை என்பது பதிவானால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. குப்பிக்கு உங்கள் முன்னாலேயே சீல் வைத்துப் பெயர் ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் அங்கே இருந்தாக வேண்டும்.

கைதானவரின் பரிசோதனை அறிக்கை நகல் அவருக்கோ அவர் சொல்பவருக்கோ கிடைக்க வேண்டும். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

விபத்தில் அடிபட்டு உள்நோயாளியாகப் படுத்திருப்பவர் கணக்கு வேறு. சிகிச்சை தரும் டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லாமல், அல்லது நோயாளிக்குக் கெடுதல் என்று அவர் தடுத்தால், ஊதவைக்க முடியாது. படுக்கையில் இருக்கும்வரை இந்தப் பிரிவின்படி கைதும் இல்லை. குடும்பத்தார் இதை நர்ஸிடம் சொல்லி வைக்கட்டும்.

11. வண்டி எங்கே போகிறது

எண் தாண்டியவரை மேற்கொண்டு ஓட்ட விடமாட்டார்கள், அது சரிதான். கூட வந்தவரில் குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தால் அவரிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் தாளில் எழுதிய அந்த உள்ளூர் எண்ணைக் கூப்பிடுங்கள்.

வண்டியைத் தடுத்துவைக்கும் 207-ஆம் பிரிவில் லைசென்ஸ் இல்லாமை, பதிவு இல்லாமை, பர்மிட் இல்லாமை போன்றவைதான் காரணங்களாக இருக்கின்றன. குடிபோதை அந்தப் பட்டியலில் இல்லை. இதைக் காட்டித்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல், குடித்து ஓட்டினார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடித்துவைக்க முடியாது என்றது. நம் ஊரில் நடைமுறை, வண்டி ஸ்டேஷன் வாசலுக்குப் போவதுதான். அப்படிப் போனால் உள்ளே இருக்கும் பொருள், ஸ்டெப்னி, ஜாக்கி, மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, வண்டியை ஒப்படைத்ததற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். காலையில் லைசென்ஸ் உள்ளவர் ஆர்.சி.யோடு போய்க் கேட்கட்டும். தராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரு வார்த்தை. போதையில் இருக்கிறார் என்று தெரிந்தே ஓட்டச் சொன்னவரை 188-ஆம் பிரிவு உடந்தையாக்கும், அதே தண்டனை. சும்மா உட்கார்ந்து வந்தது மட்டும் உடந்தையாகிவிடாது.

12. லைசென்ஸ் வாங்கிக்கொண்டால்

206(4)-இன்படி லைசென்ஸைப் பிடித்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். பிடித்தால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தந்தாக வேண்டும். அதை வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்.

டிரைவர் தொழிலில் இருப்பவர்கள் இங்கேதான் இன்னொரு வழக்கில் விழுகிறார்கள். அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது, லைசென்ஸ் திரும்ப வரும்வரை அந்தச் சீட்டு ஓட்ட அனுமதி தராது என்று சட்டமே சொல்கிறது. டிஜிலாக்கரில் படம் இன்னும் தெரிகிறது என்பதும் உதவாது. தகுதியிழப்பு உத்தரவு (குறிப்பிட்ட காலம் ஓட்டக் கூடாது என்று ஆர்.டி.ஓ. போடுவது) வந்த பிறகு ஓட்டினால் 182-இன்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

13. பணமும் கோர்ட்டும்

முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

ஹெல்மெட், சீட் பெல்ட் போல அந்த இடத்திலேயே கட்டித் தீர்க்கும் குற்றங்களின் பட்டியலில் (பிரிவு 200) 185 கிடையாது. நீதிமன்றத்தின் வழியாகத்தான் தீரும். ‘இங்கேயே முடிச்சுக்கலாம்’ என்று யாராவது ரொக்கம் கேட்டால் அது அபராதமல்ல. ரசீது எங்கே என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

எந்தக் கோர்ட், எந்தத் தேதி என்பதை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள். வெளியூர்க்காரர்கள் சம்மன் வரட்டும் என்று ஊருக்குப் போய்விடுவார்கள். பழைய விலாசத்துக்குப் போன சம்மன் திரும்பிவந்து, அடுத்து பிடியாணை கிளம்பும். வாரம் ஒருமுறை பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிடுவதா, வழக்கை நடத்துவதா? எண் தெளிவாக 30-க்கு மேலே, பூஜ்யச் சோதனை சரி, நேரங்கள் சரி, டாக்டர் சான்றும் இருக்கிறது என்றால் நான் இழுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்புக்கொண்டால் அது தண்டனைப் பதிவு, அடுத்த முறை ‘இரண்டாவது முறை’ ஆகிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். எண் 30-ஐ ஒட்டி நிற்கிறது, சீட்டு நகல் இல்லை, நேரங்கள் உதைக்கின்றன என்றால் ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டாமல் தலையாட்டாதீர்கள். பண வசதி இல்லையென்றால் ஊட்டியிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள்.

விபத்தும் சேர்ந்திருந்தால் இது இந்த வழிகாட்டிக்கு மேற்பட்டது. வேறு பிரிவுகள் சேரும், இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிச் சேதத்துக்குக் கைவிரிக்கும். அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

14. ஆர்.டி.ஓ. அலுவலகம்

கோர்ட்டில் கட்டியதும் லைசென்ஸ் தானாகக் கைக்கு வந்துவிடாது. அது தனிப் பாதை. 19-ஆம் பிரிவின்படி தகுதியிழப்புச் செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் அலமாரியில் சொருகாமல் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் போகாவிட்டால் உத்தரவு ஒருதலையாக வரும். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் சொன்னது, குடிபோதைக்குக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது. ஆகவே முழுதாக விட்டுவிடுங்கள் என்று கேட்பதைவிட, ஓட்டுவதுதான் பிழைப்பு, இதற்கு முன் வழக்கில்லை என்று சொல்லிக் காலத்தைக் குறைக்கக் கேட்பதுதான் பலன் தரும்.

உத்தரவு ஏற்க முடியாததாக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. நாள் எண்ண, உத்தரவு வந்த உறையைக் கிழித்துப் போடாமல் தபால் முத்திரையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காலம் முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு, கோர்ட் ரசீது, உத்தரவு நகல் மூன்றோடும் நேரில் போய் லைசென்ஸை வாங்குங்கள். வாங்கிய கையோடு பரிவாகன் தளத்தில் நிலை மாறியிருக்கிறதா என்று அலுவலக வாசலிலேயே பார்த்துவிடுங்கள். அட்டை கையிலிருந்து, கணினியில் இன்னும் ‘நிறுத்திவைப்பு’ என்றிருந்தால் அடுத்த செக்போஸ்டில் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்.